குமரி மாவட்டத்தின் நன்னீர்ப் புழுக்களை ஆய்வு செய்வது எப்படி: குளத்துச் சேற்றிலிருந்து கிணற்றடி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மண்புழுவின் நெருங்கிய உறவினங்களான நீர்வாழ் ஒலிகோகீட்டாப் புழுக்களில் நன்னீரில் வாழ்பவை மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1,100 இனங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை நீளமுள்ளவை என்பதால், மீன், நண்டு, தட்டான் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் கவனம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் குளத்தின் அடிச்சேற்றைத் தின்று, கிளறி, அதில் ஆக்சிஜன் இறங்க வழிசெய்பவை இவை. நீர் கெடும்போது சேற்றில் எந்த இனம் மறைகிறது, எந்த இனம் பெருகுகிறது என்பதைக் கொண்டு அந்நீர்நிலையின் வரலாற்றையே வாசிக்க முடியும். விலங்கியல் மாணவர்கள், கல்லூரி ஆசிரியர்கள், ஒரு நுண்ணோக்கியும் பொறுமையும் உள்ள இயற்கை ஆர்வலர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

களத்தைத் தெரிவு செய்தல்

இவ்வளவு சிறிய பரப்பில் இத்தனை வகை நீர் வாழிடங்கள் அமைந்த மாவட்டம் தமிழ்நாட்டில் அரிது. காளிகேசம், கீரிப்பாறைப் பகுதிகளின் காட்டோடைகள், கோதையாறும் பரளியாறும் சேர்ந்து குழித்துறை வழியாகச் செல்லும் தாமிரபரணி, நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் தரும் பழையாறு, பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள், அனந்தனார் சானல், தோவாளை சானல் ஆகிய பாசனக் கால்வாய்கள், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள், நீர் உப்பாக மாறும் மணக்குடிக் காயல் என வரிசை நீளும். காயலில் உப்பு ஏற ஏற நன்னீர் இனங்கள் குறைந்து வேறு கூட்டம் வந்துவிடுவதால், தொடக்க நிலையில் அதை ஒதுக்கி வைப்பது நல்லது.

குகை வாழிடம் பற்றி முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டியது உண்டு. சுண்ணாம்புப் பாறை கரைந்து உருவாகும் நீண்ட பாதாளக் குகைகளும் அவற்றுக்குள் ஓடும் ஆறுகளும் நம் மாவட்டத்தில் இல்லை. இங்குள்ள மலைகள் சார்னோகைட், கோண்டலைட் போன்ற கடினப் பாறைகளால் ஆனவை. மருந்துவாழ்மலையில் இருப்பவை போன்ற பாறைக் குகைகளில் சுவரில் நீர் கசியும், தரையில் சிறு தேக்கம் நிற்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆகவே, வெளிச்சமற்ற நிலத்தடி நீரில் வாழும் புழுக்களைத் தேடுவோர் குகையோடு நின்றுவிடாமல் திறந்த கிணறு, ஊற்று, ஆற்றுப் படுகையின் சரளைக்கு அடியிலுள்ள நீர் ஆகிய மூன்றையும் சேர்த்தே களமாகக் கொள்ள வேண்டும். இந்த முறையில் பலன் கிடைக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது: நிலத்தடி நீரில் வாழும் குருட்டுக் கெளுத்தியான ஹோராக்ளானிஸ் கிருஷ்ணாயி 1950-இல் கோட்டயத்துக் கிணறுகளிலிருந்தே விவரிக்கப்பட்டது, அதே பேரினத்தின் மற்றோர் இனம் 2023-இல் கேரளப் பொதுமக்கள் தந்த தகவல்களின் உதவியோடு அறிவியலுக்கு அறிமுகமானது.

பழைய பதிவுகளைத் தேடும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இந்நிலம் 1949 வரை திருவிதாங்கூரையும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்தது. திருவனந்தபுரத்தில் கே. எஸ். பத்மநாப அய்யர் 1920-களில் திருவிதாங்கூரின் நீர்வாழ் ஒலிகோகீட்டாக்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரைகளே நமக்கும் அடிப்படை. ஸ்டீபன்சோனியானா ட்ரிவாண்ட்ரானா போன்ற இனங்கள் அவரால்தான் அறிவியலுக்குத் தெரிய வந்தன. தமிழ்நாட்டுப் பட்டியல்களை மட்டும் பார்த்துவிட்டு ‘இங்கே எதுவும் பதிவாகவில்லை’ என்று முடிவு கட்டுவது தவறான தொடக்கமாகிவிடும்.

அனுமதி

கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வனத்துறையின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் ஒரு கரண்டிச் சேறும் எடுக்கக்கூடாது. புழுதானே என்ற விதிவிலக்கு சட்டத்தில் கிடையாது. பாசனக் குளங்களுக்கும் சானல்களுக்கும் நீர்வளத்துறை அலுவலகத்திலும், கோயில் தெப்பக்குளங்களுக்குக் கோயில் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். சிதறால் மலைக்கோயில், திருநந்திக்கரைக் குடைவரை ஆகியவை பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள். அங்குள்ள சுனையையோ கசிவையோ தொடுவதற்குத் தொல்லியல் துறையின் இசைவு வேண்டும். இசைவு கிடைத்தாலும் தோண்டுதல், குழாய் இறக்குதல் போன்றவற்றைக் கருதவே கூடாது. மருந்துவாழ்மலைக் குகைகளில் தியானம் செய்ய வருவோர் இருப்பர் என்பதால், என்ன செய்யப்போகிறோம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

காலம்

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இங்கே பெய்வதால் ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கும் மாதிரி போதாது. பேச்சிப்பாறை அணை வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி வரை பாசனத்துக்குத் திறக்கப்படுகிறது. ஆகவே சானல்களின் அடிச்சேறு மார்ச் முதல் மே வரை கைக்கெட்டும். அக்காலத்தில் புழுக்கள் மேலடுக்கிலிருந்து ஆழத்துக்கு இறங்கிவிடும். சில இனங்கள் சளிக்கூட்டுக்குள் சுருண்டு வறட்சியைக் கடக்கும். வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு நெற்பருவங்களுக்கும் நடவுக்கு முன் தொளி அடித்த நிலையில் ஒரு முறையும், கதிர் முற்றி நீர் வடிக்கும் முன் ஒரு முறையும் எடுத்தால் ஒப்பிட வசதியாக இருக்கும். காட்டோடைகளில் பெருமழைக்கு மறுநாள் எடுக்கும் மாதிரியில் மேலிருந்து அடித்து வரப்பட்டவையே மிகுதியாக இருக்கும் என்பதால், வெள்ளம் வடிந்து சில வாரங்கள் காத்திருப்பது நல்லது.

மேற்பரப்பு நீரில் மாதிரி எடுத்தல்

குளம், சானல், வயல் ஆகியவற்றுக்கு மிகவும் பயனுள்ள கருவி பிளம்பிங் கடையில் கிடைக்கும் இரண்டு அங்குல பி.வி.சி. குழாய்தான். அரை மீட்டர் நீளத்துக்கு வெட்டி, கீழ்விளிம்பை உட்புறமாகக் கூர்மையாக்கி, மேல்வாய்க்கு இறுக்கமான ரப்பர் அடைப்பான் ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். குழாயைச் சேற்றில் 15 சென்டிமீட்டர் நேராக இறக்கி, மேல்வாயை அடைத்தபின் மெல்ல வெளியே எடுத்தால் சேற்று உருளை குலையாமல் வரும். அதை 5 சென்டிமீட்டர் துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனிப் பைகளில் இட வேண்டும். ஓர் இடத்தில் குறைந்தது ஐந்து உருளைகள் தேவை. புழுக்கள் திட்டுத் திட்டாகக் கூடி வாழ்வதால் ஒன்றிரண்டு உருளைகளைக் கொண்டு சொல்லப்படும் எண்ணிக்கைக்குப் பொருளில்லை. ஆழமான குளத்தில் படகிலிருந்து எக்மன் சேறள்ளியைப் பயன்படுத்தலாம்.

எண்ணிக்கையைச் சதுர மீட்டருக்கு மாற்றும் கணக்கு எளிது. உள்விட்டம் 5 சென்டிமீட்டர் உள்ள குழாயின் வாய்ப்பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர் என்பதால் ஓர் உருளையின் எண்ணிக்கையை 509-ஆல் பெருக்க வேண்டும். 15-க்கு 15 சென்டிமீட்டர் வாயுள்ள எக்மன் சேறள்ளிக்குப் பெருக்கும் எண் 44.4. கடைக் குழாயின் உள்விட்டம் சுவரின் தடிமனுக்கேற்ப மாறும் என்பதால் அளந்து பார்த்துக் கணக்கிட வேண்டும்.

சேற்றை அலசும் சல்லடை விஷயத்தில் கண்டிப்பு தேவை. நீர்ப்பூச்சி ஆய்வுகளில் வழக்கமான 500 மைக்ரோமீட்டர் சல்லடையில் நெய்டினே என்ற துணைக்குடும்பத்தின் சிறிய புழுக்கள் பெரும்பாலும் நழுவிவிடும். மேற்பரப்பு நீருக்கு 250 மைக்ரோமீட்டரும், நிலத்தடி நீருக்கு 63 முதல் 100 மைக்ரோமீட்டரும் கொண்ட வலைத்துணி வேண்டும். சல்லடையைக் குழாயடியில் பிடித்து நீரைப் பீய்ச்சினால் புழுக்கள் அறுந்துபோகும். வாளி நீரில் பாதி அமிழ்த்தி மெல்ல ஆட்டுவதே முறை.

காட்டோடையில் கல்லைப் புரட்டுவதோடு நின்றுவிட வேண்டாம். நீர் தெறிக்கும் பாறைமீதுள்ள பாசியைப் பிடியளவு எடுத்து வாளியில் கசக்கிப் பிழிந்தால், நெய்டினே புழுக்களும் என்கிட்ரேயிடே குடும்பப் புழுக்களும் கூட்டமாக வரும். குளத்தில் தாமரை இலைத்தண்டு, ஆகாயத்தாமரை வேர் ஆகியவற்றையும் இவ்வாறே அலச வேண்டும். நன்னீர் நத்தை கிடைத்தால் அதன் மேலுறைக் குழியைப் பாருங்கள். கீட்டோகாஸ்டர் லிம்னேயி என்ற சிறு புழு அங்கே குடியிருந்து, நத்தையைத் தாக்க வரும் தட்டைப்புழுக்களின் இளம் உயிரிகளைத் தின்னும். ஈர வரப்புச் சேற்றில், இனமுதிர்ச்சிக் காலத்தில் உடலின் இருபக்கமும் இறக்கை போன்ற மடிப்புடன் காணப்படும் கிளிஃபிட்ரிலஸ், நீருக்கும் நிலத்துக்கும் இடைப்பட்டது. அதைக் கண்டால் தனியே குறித்துக்கொள்ளலாம்.

ரப்பர் பால் பதப்படுத்தும் கழிவு கலக்கும் ஓடை, கதம்பை (தேங்காய் மட்டை) ஊறவைக்கும் நீர்நிலை ஆகியவை கெட்டுப்போனவை என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. ஆக்சிஜன் குறைந்து கரிமச் சத்து மிகுந்த சேற்றில் லிம்னோடிரைலஸ் ஹாஃப்மைஸ்டெரி போன்ற சில இனங்கள் மட்டும் பெருகி நிற்பதைக் காணும்போதுதான், தூய ஓடையின் பன்மைக்கு அளவுகோல் கிடைக்கிறது.

நிலத்தடி நீரில் மாதிரி எடுத்தல்

கிணற்றுக்கு வேண்டியது கூம்பு வடிவ வலை. முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்பு வளையம், 63 முதல் 100 மைக்ரோமீட்டர் நைலான் வலைத்துணி, அடியில் திருகிக் கழற்றும் சிறு குப்பி, வளையம் நேராக இறங்குவதற்கான ஈயக் கட்டி, நீளம் குறிக்கப்பட்ட கயிறு ஆகியவை போதும். வலையை அடிவரை இறக்கி, ஒரு மீட்டர் தூக்கித் தூக்கிப் போட்டு, பாதாளக்கரண்டியால் வாளியைத் துழாவுவது போல் அடிச்சேற்றைக் கலக்கியபின் சீராக மேலே இழுக்க வேண்டும். பத்து முறை இவ்வாறு செய்து, ஒவ்வொரு முறையும் குப்பியில் வந்ததை ஒரே பாத்திரத்தில் சேர்த்தால் அது ஒரு மாதிரி. கயிற்றின் அளவைக் கொண்டு நீர்மட்டத்தையும் அடியாழத்தையும் அப்போதே எழுதிவிட வேண்டும்.

மக்கள் குடிக்கும் நீரில் கைவைக்கிறோம் என்ற உணர்வு எப்போதும் இருக்க வேண்டும். வலையும் கயிறும் கொதிநீரில் நனைத்து வெயிலில் முழுதும் காய்ந்த பிறகே அடுத்த கிணற்றுக்குச் செல்ல வேண்டும். ஒரு கிணற்று உயிரியை இன்னொன்றுக்குக் கடத்தாதிருக்கவும் இதுவே வழி. ஃபார்மலின் புட்டியைக் கிணற்று மதில் அருகே திறக்கவே கூடாது. கடைசியாக எப்போது பிளீச்சிங் பவுடர் போட்டார்கள், எப்போது தூர்வாரினார்கள் என்று வீட்டாரிடம் கேட்டுக் குறிக்க வேண்டும். அண்மையில் குளோரின் போட்ட கிணற்றில் எதுவும் கிடைக்காததை இயற்கையின் வெறுமையாக எழுதக்கூடாது. கிணற்றுக்குள் இறங்கும் எண்ணமே வேண்டாம். தேங்கிய நச்சுக்காற்றால் கிணற்றில் இறங்கியோர் இறப்பது நம் நாட்டில் தொடர்ந்து நடக்கிறது. எந்தப் புழுவுக்காகவும் அந்த ஆபத்தை ஏற்க முடியாது. வலை இறங்காத குழாய்க் கிணற்றில் மோட்டார் நீர் விழும் வாயில் வலைத்துணிப் பையைக் கட்டலாம். புழுக்கள் துண்டாகி வரும் என்றாலும், அங்கே உயிர் உண்டு என்பதற்கு அது சான்றாகும்.

ஆற்றுச் சரளைக்கு இரண்டு முறைகள் உண்டு. கரமான்-ஷாப்பியூ முறையில் நீரோரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மணல்திட்டில் குழி தோண்டி, ஊறும் நீரை முகந்து வலையில் வடிகட்ட வேண்டும். மண்வெட்டியும் குவளையும் போதும் என்பதால் மாணவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். பூ-ரூஷ் முறையில், நுனியருகே துளையிட்ட இரும்புக் குழாயை ஆற்றுப் படுகைக்குள் 50 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை அடித்து இறக்கி, மேலே கைப்பம்பு பொருத்தி முதல் பத்து லிட்டர் நீரை எடுத்து வடிகட்ட வேண்டும். எல்லா இடத்திலும் அதே ஆழம், அதே அளவு நீர் என்று வைத்துக்கொண்டால்தான் ஒப்பிட முடியும். மணல் அள்ளப்பட்டுக் களிமண்ணோ பாறையோ வெளித்தெரியும் பகுதிகளில் இந்த வாழிடமே அற்றுப்போயிருக்கும். அங்கே அந்நிலையைப் பதிவு செய்வதும் ஆய்வின் பகுதிதான்.

பாறைக் குகையில் சொட்டும் நீருக்குக் கீழே, அடியில் வலைத்துணி கட்டிய புனலை ஒரு நாளாவது விட்டுவைக்க வேண்டும். தரைத் தேக்கத்தில் அகலவாய்ப் பிப்பெட்டால் அடிவண்டலை உறிஞ்சி எடுத்தால் போதும். சிறு தேக்கத்தை முழுதுமாக வடித்தால் அங்குள்ள கூட்டமே அழிந்துவிடும். வௌவால் இருந்தால் முகக்கவசம் கட்டாயம். எச்சத்தின் தூசியில் நுரையீரல் நோய் தரும் பூஞ்சை இருக்கக்கூடும். மலைத்தேனீக் கூடு இருக்கும் பாறையை விட்டு விலகிச் செல்லுங்கள்.

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எவரேனும் கடைப்பிடிப்பார்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: நிலத்தடியில் எடுக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் இணையாக, அருகிலுள்ள மேற்பரப்பு நீரிலும் அதே நாளில் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். கண்ணில்லை, நிறமில்லை என்பதைக் கொண்டு மீனையோ இறாலையோ பாதாள உயிரி என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் டியூபிஃபிசினே என்ற துணைக்குடும்பத்தின் புழுக்களுக்கு வெளிச்சமுள்ள குளத்திலும் கண் கிடையாது. நிறமும் இரத்தச் சிவப்பு மட்டுமே. உருவம் இங்கே உதவாது. ஓர் இனம் கிணற்றில் மீண்டும் மீண்டும் கிடைத்து, பக்கத்து ஓடையிலும் குளத்திலும் தேடித் தேடியும் கிடைக்காதபோதுதான் அது நிலத்தடிக்கு உரியது என்று சொல்லத் துணியலாம். இணை மாதிரி இல்லாத குகைப் பட்டியல், மழைநீரோடு உள்ளே வந்த விருந்தினரையும் வீட்டாரையும் பிரித்துக் காட்டாது.

உயிரோடு பார்த்தலும் பதப்படுத்தலும்

அலசிய மாதிரியைச் சிறிது நீருடன் வெள்ளைத் தட்டில் பரப்பி நிழலில் சில மணி நேரம் வைத்தால், ஆக்சிஜன் குறையக் குறையப் புழுக்கள் மேலே வரும். அப்போது உயிரோடு பார்ப்பதைத் தவிர்க்கக்கூடாது. டீரோ என்ற புழுவின் வால்நுனிச் செவுள்கள் பதப்படுத்தியதும் சுருங்கிவிடும். ஏலோசோமா என்ற புழுவின் தோலிலுள்ள வண்ண எண்ணெய்த் துளிகள் மறைந்துவிடும். நீந்தும் விதம் பற்றிச் சொல்லவே வேண்டாம். செல்பேசியில் எடுத்த சிறு காணொளியும் பின்னர் பெரிதும் உதவும்.

பிறகு புழுக்களை மயங்க வைக்க வேண்டும். கடையில் விற்கும் சோடாவைத் துளித்துளியாகச் சேர்த்தால் அவை நீண்டு தளரும். உருவவியலுக்கு, வணிக ஃபார்மலின் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு கலந்த கரைசலில் ஒரு நாள் வைத்து, நீரில் கழுவி, 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்ற வேண்டும். ஃபார்மலின் புற்றுநோய் விளைவிக்கும் வேதிப்பொருள் என்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். டி.என்.ஏ. ஆய்வுக்கு ஃபார்மலின் ஆகாது. நேரே 95 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனாலில் இட்டுக் குளிரில் வைக்க வேண்டும். அரிதாகக் கிடைத்த ஒற்றைப் புழுவை இரண்டாக வெட்டி, வால்பகுதியை டி.என்.ஏ.-வுக்கும் இனவுறுப்புகள் உள்ள தலைப்பகுதியைக் கண்ணாடித் தகட்டுக்கும் ஒதுக்குவதே அறிவுடைமை.

இனங்காணல்

முதலில் ஒலிகோகீட்டா அல்லாதவற்றைப் பிரிக்க வேண்டும். சிவப்பாக நெளியும் கைரோனோமிட் கொசுவின் இளம் உயிரிக்குக் கடினமான தலையும் போலிக் கால்களும் உண்டு. நூற்புழுவுக்குக் கண்டங்களும், சீட்டா எனப்படும் நுண்முட்களும் இல்லை. அட்டைக்கு இரு முனைகளிலும் உறிஞ்சிகள் இருக்கும். எஞ்சியவற்றை லாக்டோஃபீனால் துளியிட்டு உறைத்தகடு மூடி ஒரு நாள் விட்டால் உடல் தெளிந்து சீட்டாக்கள் தெரியும். லாக்டோஃபீனால் தோலைச் சுடும்; மாணவர்களுக்குக் கிளிசரினே போதுமானது. குறைந்தது 400 மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். சீட்டாவின் பல்லமைப்பைப் பார்க்க எண்ணெய் லென்ஸ் தேவைப்படும்.

கண்டங்களைத் தலையிலிருந்து எண்ணுங்கள். முதல் கண்டத்தில் சீட்டா இல்லை என்பதால் முதலில் தெரியும் கற்றை இரண்டாம் கண்டத்துக்கு உரியது. முதுகுக் கற்றை எங்கே தொடங்குகிறது, அதில் நீண்ட மயிர் சீட்டா உண்டா, நுனி இரண்டாகப் பிளந்ததா, இடையே சீப்புப் பற்கள் உண்டா என்ற வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்பகுதியில் முதுகிலும் வயிற்றிலும் கண்டத்துக்கு ஓர் இணையாக இழைச் செவுள்கள் இருந்தால் அது பிராங்கியூரா சோவர்பையி. 10 சென்டிமீட்டரையும் தாண்டி வளரும் இப்புழுவை வெறுங்கண்ணாலேயே அறியலாம். தலைமுனையில் தும்பிக்கையும், இரண்டாம் கண்டத்திலிருந்தே முதுகுச் சீட்டாவும் இருந்தால் பிரிஸ்டினாவை நினைக்கலாம். முதுகுச் சீட்டாவே இல்லையென்றால் கீட்டோகாஸ்டர். கற்றைக்கு ஒரே சீட்டா கொண்ட, நூல் போல நீண்ட புழு கிணற்றில் கிடைத்தால் ஹாப்லோடாக்ஸிடே குடும்பத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும்; உலகின் பல பகுதிகளில் நிலத்தடி நீருக்குரியதாக அறியப்பட்ட குடும்பம் அது.

டியூபிஃபிசினேயில் இனத்தை உறுதி செய்ய முதிர்ந்த புழு வேண்டும். விந்து கொள்பை 10-ஆம் கண்டத்திலும் ஆண்துளை 11-ஆம் கண்டத்திலும் அமையும். நெய்டினேயில் அவை முறையே 5, 6. லிம்னோடிரைலஸ் இனங்களைப் பிரிப்பது ஆண்குறியைச் சூழ்ந்த கியூட்டிகிள் (புறப்படலம்) உறையின் நீளமும் அகலமும் முனையின் வடிவமுமே. முதிராத புழுவுக்கு இனப்பெயர் சூட்டும் ஆசையை அடக்கி, ‘முதிராத டியூபிஃபிசினே, மயிர் சீட்டா உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று எழுதுவதே நேர்மையான பதிவு. பட்டியல் நீளமாகத் தோன்றுவதற்காகச் சேர்க்கப்பட்ட பெயர்களைப் பின்னால் வருவோர் நீக்குவது மிகக் கடினம். எண்ணும்போது தலையுள்ள துண்டுகளை மட்டும் எண்ண வேண்டும். நெய்டினே புழுக்கள் உடலின் நடுவே புதிய புழுவை வளர்த்துப் பிரிபவை என்பதால், பிரியாத சங்கிலியை ஒன்றாகக் கணக்கிட்டு அதைக் குறிப்பிடுங்கள்.

பதிவும் ஒப்படைப்பும்

ஒவ்வொரு குப்பிக்குள்ளும் பென்சிலால் எழுதிய தடித்த தாள் இருக்க வேண்டும். வெளியில் ஒட்டிய சீட்டு எத்தனாலில் அழியும். ஊர், நீர்நிலை, தசம வடிவில் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, ஆழம், கருவி, வலைத்துணியின் அளவு, எடுத்தவர் பெயர் ஆகியவை அதில் வேண்டும். களக்குறிப்பேட்டில் நீரின் வெப்பநிலை, பி.எச்., கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன், சேறா மணலா சரளையா என்பது, இணை மாதிரியின் எண் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். எதுவும் கிடைக்காத மாதிரிக்கும் இவை அனைத்தும் எழுதப்பட வேண்டும்.

இனங்கண்ட தகடுகளையும் குப்பிகளையும் கல்லூரி அலமாரியில் மட்டும் வைத்திருந்தால் பொறுப்பாளர் மாறும்போது அவை தொலையும். ஒரு தொகுதியை இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னைத் தென்மண்டல மையம் போன்ற நிலையான சேகரிப்பில் பதிவு எண்ணுடன் ஒப்படைத்து, அந்த எண்ணைக் கட்டுரையில் குறிக்க வேண்டும். கிணறு தந்த வீட்டாருக்கும், குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பாசனச் சங்கத்தாருக்கும், என்ன கிடைத்தது, நீரின் அளவீடுகள் என்ன என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த பருவத்தில் அதே கிணற்றில் மீண்டும் வலை இறக்கும் அனுமதியையும் அப்போதே கேட்டு வைத்துவிடலாம்.